புதுப்பிப்பு: மாத்திரை இல்லாம வைட்டமின் டி ஏறுமான்னு கேட்டிருந்தேன்ல

மார்ச்ல ரத்த டெஸ்ட்ல வைட்டமின் டி 11 ng/mL தான் வந்துச்சு, வெயிலும் சாப்பாடும் வச்சே ஏத்த முடியுமான்னு கேட்டிருந்தேன், பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. டாக்டர் மூணு மாசம் டைம் குடுத்தாரு, இப்போ 23.

வேலை செஞ்சது, "நம்ம நிழல் நம்ம உயரத்தைவிட குட்டையா இருக்கற நேரத்துல நில்லுங்க"ன்னு ஒருத்தர் சொன்னது தான். நான் பாட்டுக்கு காலைல ஆறரைக்கு வாக்கிங், அப்புறம் ஆபீஸ்ல ஜன்னல் ஓரம்னு இருந்தேன், தோல்ல வைட்டமின் டி உண்டாக்குற யுவிபி கதிர் காலைல ரொம்ப கம்மி, கண்ணாடியும் அதை தடுத்துரும்னு அப்ப தான் தெரிஞ்சுது. இப்போ பதினோரு மணி வாக்குல மொட்டை மாடில 20 நிமிஷம், கை கால்ல நேரா படுற மாதிரி. கூடவே வாரம் மூணு நாள் மத்தி மீன் குழம்பு (வீட்டுல நாத்தம்னு திட்டு வேற).

எதிர்பார்க்காதது காளான். இருட்டுல வளர்க்கறதால கடைல வாங்குறதுல டி ரொம்ப கம்மியாம், நறுக்கி வெயில்ல வச்சா தான் கூடுமாம். வேண்டிய அளவான 30-ஐ இன்னும் தொடலைன்னு டாக்டர் இப்போ வாரத்துக்கு ஒரு மாத்திரையும் எழுதிட்டாரு.