எழும்பூர் கிர்க் (சென்னை செயின்ட் ஆண்ட்ரூஸ் சர்ச்): அங்க உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

அயனாவரம் செல்வி
அக்கா பொண்ணு கல்யாணம் அங்கதான். அம்மாவுக்குக் கழுத்து எலும்புத் தேய்மானம், தலையை நிமிர்த்தவே முடியாது. நாங்க எல்லாரும் அந்த வட்டமான நீலக் கூரையை அண்ணாந்து பாத்துட்டு இருக்கோம். திரும்பினா, அம்மா கைப்பையில இருந்த வட்டக் கண்ணாடியை மடியில வச்சுக் குனிஞ்சு பாத்துட்டு இருக்காங்க. கண்ணாடி முழுக்க நீலமும் தங்க நட்சத்திரமும். "உள்ள வைம்மா, எல்லாரும் பாக்கறாங்க"ன்னு அதட்டிட்டேன். பேசாம மூடி வச்சுட்டாங்க. மரத்துல அவ்வளவு பெரிய கூரையை எப்படி வளைச்சாங்கன்னு கேக்கணும்னு இருந்தாங்களாம், அக்கா அப்புறம் சொன்னா. அம்மா போய் ரெண்டு வருஷம் ஆச்சு.

கொத்தனார் மகன்
மரமே கிடையாதுங்க. கரையானுக்குப் பயந்து கூரைக்கு மரம் வைக்கல, செங்கல்தான். குறுக்களவு 51.5 அடி. 16 தூண் தாங்குது. அப்பாகூட ஒருதடவை போனேன். அவர் ஒரு தூண்ல கன்னத்தை வச்சு அப்படியே நின்னார். "பளிங்கு இல்லடா, சுண்ணாம்பு. தேய்ச்ச கை இது"ன்னார். வேற எதையும் அவர் அப்படித் தொட்டுப் பாத்து நான் பாத்ததில்ல.

புரசை தாமஸ்
கூரையையே பேசறீங்களே, அடியில இருக்கறதை யாரும் சொல்லலையே? 1818ல அஸ்திவாரம் போடும்போது அந்த இடம் ஈர மண். கட்டின இன்ஜினியர் டி ஹாவிலண்ட் சுட்ட மண் உறைக்கிணறா இறக்கி, அதுமேலதான் கட்டடத்தையே நிறுத்தினார். 1821 பிப்ரவரியில திறந்தாச்சு. வெளித்தோற்றத்துக்கு லண்டன் செயின்ட் மார்ட்டின் கோயில்தான் மாதிரி, வட்டமான உள்பக்கம் அங்க கிடையாது. ஆராதனை முடிஞ்சு வரும்போது ஒரு பாட்டி கருப்பு வெள்ளைத் தரையைக் காலால தட்டி, "கிணத்து மேல நிக்கிறே தம்பி"ன்னாங்க. எனக்குக் கால் கூசிடுச்சு.
வீடு கட்டறவங்க கேளுங்க: முதல்ல மண் பரிசோதனை. பக்கத்து வீட்டுக்காரர் எத்தனை அடி தோண்டினார்னு பாத்து நீங்களும் தோண்டாதீங்க. மழைக்காலத்துல தண்ணி எவ்வளவு மேல வருதுன்னு ஒரு வருஷம் பாருங்க. களிமண்ணா இருந்தா இன்ஜினியர் சொல்றதை விட்டுட்டு மேஸ்திரி சொல்றதைக் கேக்காதீங்க. நான் கேட்டு, சுவர்ல விரிசலோட இருக்கேன்.

அயனாவரம் செல்வி
செங்கல்னு இப்பத்தான் தெரியுது, நன்றி அண்ணா. அந்தக் கண்ணாடி என்கிட்டதான் இருக்கு. ஞாயித்துக்கிழமை எடுத்துட்டுப் போறேன். அதே பிரம்பு பெஞ்சு, இடப்பக்கம் நாலாவது வரிசை.