மூடிப்போன எதிர்கால ரைடுகள்: நீங்கள் ஏறியது எது?

கும்பகோணத்தான்

ஒய்2கே வேலைக்கென்று (2000ஆம் ஆண்டு பிறக்கும்போது கணினிகள் தேதியில் குழம்பாமல் சரிசெய்யும் வேலை) 1998இல் அமெரிக்கா போன கூட்டத்தில் நானும் ஒருவன். ஃபுளோரிடாவில் ஜாகை. சனிக்கிழமை ஆனால் ரூம்மேட்கள் சேர்ந்து வாடகைக் கார் எடுத்து ஆர்லண்டோவுக்குக் கிளம்பிவிடுவோம். மற்றவர்கள் ரோலர் கோஸ்டர் தேடி ஓடுவார்கள். எனக்குப் பிடித்துப்போனது டிஸ்னியின் எப்காட் பூங்காவில் இருந்த ஹொரைசன்ஸ் என்ற ரைடு.

வேகம் கிடையாது, அலறல் கிடையாது. மேலே இருக்கும் தண்டவாளத்தில் தொங்குகிற பெட்டி, பக்கவாட்டில் பார்த்தபடி உட்கார வேண்டும். கால் மணி நேரம் ஊர்ந்து ஊர்ந்து 21ஆம் நூற்றாண்டைக் காட்டும். அறிவியல் கதைகள் எழுதிய ஜூல் வெர்ன் காலத்தில் என்னவெல்லாம் கனவு கண்டார்கள் என்று ஆரம்பித்து, பாலைவன விவசாயம், கடலுக்கடியில் ஊர், விண்வெளிக் குடியிருப்பு என்று போகும். பாலைவனப் பகுதி வந்தால் கும்மென்று ஆரஞ்சு வாசனை அடிக்கும். அங்கே ஒரு பெண் நாற்காலியை விட்டு எழாமலே ரோபோ அறுவடை இயந்திரங்களை ஏவிக்கொண்டிருப்பாள். களத்துமேட்டில் நின்று ஆட்களை அதட்டும் எங்கள் அத்தைதான் ஞாபகத்துக்கு வருவார்!

நான் திரும்பத் திரும்பப் போனது விண்வெளியில் நடக்கும் பிறந்தநாள் காட்சிக்காக. கடலிலும் பாலைவனத்திலும் இருக்கிற சொந்தக்காரர்கள் ஹோலோகிராமாக, அதாவது முப்பரிமாண ஒளி உருவமாக, வந்து நிற்பார்கள். அப்போது எங்கள் வீட்டில் போன் இல்லை. காலிங் கார்டைச் சுரண்டி, பக்கத்து வீட்டு பி.பி. நம்பருக்குப் போட்டு, "அம்மாவைக் கொஞ்சம் கூப்பிடுங்கக்கா" என்று சொல்லி வைத்துவிட்டு, பத்து நிமிஷம் கழித்து மறுபடி அடிக்க வேண்டும். அம்மா ஓடி வந்து மூச்சு வாங்குவதிலேயே பாதி கார்டு காலி. அந்த நிலைமையில் இருந்தவனுக்கு, வீடே அரங்கு நிறைந்து நிற்பதைப் பார்த்தால் எப்படி இருந்திருக்கும்!

கடைசியில் பெட்டியிலேயே ஓட்டெடுப்பு. விண்வெளி, பாலைவனம், கடல் என்று மூன்று பொத்தான்கள்; பெரும்பான்மை எதுவோ அந்த வழியாக ஊர் திரும்பலாம். கூட வந்தவன் எப்போதும் கடலுக்கே குத்துவான்.

ஹொரைசன்ஸ் 1983 அக்டோபரில் திறந்தது. செலவை ஏற்றிருந்த ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 1993இல் ஒதுங்கியது. நடுவில் ஒரு வருஷம் பூட்டிக் கிடந்து, மறுபடி ஓடி, 1999 ஜனவரி 9இல் ஒரேயடியாக மூடினார்கள். கட்டிடத்தையும் இடித்தாயிற்று. உங்களுக்கும் இப்படி ஒன்று இருந்தால் எழுதுங்கள்.

ஒசாகாக்காரி

எனக்கு யுனிவர்சல் ஸ்டுடியோஸ் ஜப்பானில் இருந்த பேக் டு தி ஃபியூச்சர் ரைடு, அண்ணா. அதே பெயர்ப் படத்தில் காலப்பயணம் போகிற டெலோரியன் கார், இங்கே எட்டுப் பேர் உட்காரலாம். கதவு மூடியதும் புகைக்குள்ளிருந்து மேலே எழும்பும், எதிரே குவிமாடம் மாதிரி ராட்சதத் திரை. கார் நிஜத்தில் நின்ற இடத்திலேயேதான் குலுங்கும். ஆனால் டைனோசர் வாய்க்குள் போகும்போது அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கும்? ஒரே ஒரு விதி, பக்கவாட்டில் திரும்பக் கூடாது. திரும்பினால் பக்கத்து கார்களும் உங்களோடு சேர்ந்து ஆடுவது தெரிந்துவிடும், மாயம் போச்சு. என் பையன் முதல் தடவையே அதைத்தான் பார்த்தான், பார்த்துவிட்டு எதிர்க் காருக்குக் கை வேறு காட்டினான்.

படத்தில் வரும் விஞ்ஞானி டாக்டர் பிரவுன் ஜப்பானியத்தில் கத்துவார். அதைக் கேட்டுக் கேட்டே நான் நாலு வார்த்தை கற்றுக்கொண்டேன். 2016 மே 31 கடைசி நாள். அடுத்த வருஷமே அங்கே மினியன் என்ற மஞ்சள் கார்ட்டூன் பொம்மைகள் வந்துவிட்டன. பையனுக்குக் கொண்டாட்டம், எனக்கு அந்தப் பக்கம் போகவே மனசில்லை.

வெயில்வாசி

ஹொரைசன்ஸில் நானும் ஏறியிருக்கிறேன். ஃபுளோரிடா வெயிலுக்கு ஏசி நன்றாக இருக்கும், அவ்வளவுதான். பொம்மைகள் தலையாட்டுவதைப் பார்த்துத் தூங்கிவிட்டேன். ஹோலோகிராம் என்று உருகுகிறீர்கள், இன்றைக்கு வாட்ஸ்அப்பில் கூப்பிட்டால் யார் எடுக்கிறார்கள்?

கும்பகோணத்தான்

தம்பி, தூங்கினவர் ஓட்டு எண்ணப்படாது! ஆனால் நீங்கள் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. அந்தக் காட்சியில் யாரும் "டவர் இல்லை, அப்புறம் பேசறேன்" என்று சொல்லவில்லை. அந்த அளவுக்கு அவர்கள் யோசிக்கவில்லை.

ரெக்ஸ் ரசிகன்

டிஸ்னிலேண்டின் பழைய ஸ்டார் டூர்ஸை, ஸ்டார் வார்ஸ் படத்தை வைத்துச் செய்த விண்வெளிப் பயண ரைடை, யாரும் சொல்லவில்லையே. 1987இல் வந்தது. விமானிகளுக்குப் பயிற்சி தரும் சிமுலேட்டரை வைத்துச் செய்தது. ஓட்டுநர் ரெக்ஸ் என்ற ரோபோ, அதற்கு அதுதான் முதல் சவாரி. வண்டியை எடுத்ததுமே தப்பான கதவுக்குள் விட்டுவிடும். நம்ம ஊர் மினி பஸ்ஸில் புது டிரைவர் ஏறிய நாள் மாதிரியே இருக்கும். 2010 ஜூலையில் அந்த ரைடு போனது, ரெக்ஸுக்கும் வேலை போனது. 2019இல் அதே பார்க்கில் மதுக்கடை செட் ஒன்று போட்டு, அதில் ரெக்ஸை டிஜே ஆக்கிவிட்டார்கள். ஓட்டத் தெரியாதவனுக்குப் பாட்டு போட வருகிறது.

அண்ணா, உங்கள் ஹொரைசன்ஸ் இருந்த இடத்தில் 2003இல் மிஷன்: ஸ்பேஸ் என்ற விண்வெளிப் பயண ரைடு வந்துவிட்டது, தெரிந்திருக்கும். வரிசையில் நிற்கும்போது ஒரு பெரிய சக்கரம் சுழலும். அதன் நடுவில் உற்றுப் பாருங்கள், ஹொரைசன்ஸ் சின்னத்தை வைத்திருக்கிறார்கள். ரைடில் ஏறுவதானால் பச்சைப் பிரிவு சுழலாது, ஆரஞ்சுப் பிரிவு சுற்றோ சுற்றென்று சுற்றும். சாப்பிட்ட கையோடு ஆரஞ்சுப் பக்கம் போய்விடாதீர்கள்.