இரும்பு ஹைட்ரைடில் ஆல்கஹால் சேர்த்தால் டைஹைட்ரஜன் பீக் வரவே மாட்டேங்குது, உதவி வேணும்

முதலாண்டு_ஆய்வாளர்:
எல்லோருக்கும் வணக்கம். மூன்று வாரமா ஒரே இடத்தில் சிக்கி நிற்கிறேன். என் சேர்மம் பென்டாமெத்தில் சைக்ளோபென்டாடையீனைல் இரும்பு ஹைட்ரைடு (இரும்போடு நேரா ஒரு ஹைட்ரஜன் ஒட்டியிருக்கும் சேர்மம்), கூட டிபிபிஇ லிகண்ட் (இரண்டு பாஸ்பரஸால் இரும்பைப் பிடிக்கும் மூலக்கூறு). இதுக்குப் புரோட்டான் கொடுத்தா முதலில் டைஹைட்ரஜன் சேர்மம் (இரும்பின் மேல் எச்-எச் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும் வடிவம்) வரும்னு படிச்சிருக்கேன்.

நான் செய்தது: டியூட்டரேட்டட் டைகுளோரோமீத்தேனில் கரைச்சு, அறை வெப்பநிலையில் ஹெக்சாஃபுளூரோ ஐசோபுரோப்பனால் (புரோட்டான் கொடுக்கும் ஆல்கஹால்) 5 மடங்கு விட்டேன். என்.எம்.ஆரில் பழைய ஹைட்ரைடு பீக் போயிடுச்சு. புதுசா ஒரு டிரிப்லெட் (மூன்றாகப் பிளந்த பீக்) வந்தது, இன்டக்ரேஷன் (பீக்கின் பரப்பு) 2 புரோட்டான். டி1 (காந்தத் துடிப்புக்குப் பிறகு சிக்னல் பழைய நிலைக்குத் தளரும் நேரம்) 300 மில்லிவினாடிக்கு மேல. டைஹைட்ரஜன் என்றால் ரொம்பக் குறைவா இருக்கணுமே? மைனஸ் 80 டிகிரி செல்சியஸ் வரைக்கும் குளிரவெச்சும் பார்த்தேன், அதே டிரிப்லெட்தான். அப்போ புரோட்டான் நேரா இரும்பின் மேலேயே போய் உட்காருதா? வர்ற வாரம் குரூப் மீட்டிங்கில் இதைச் சொல்லணும்.

கரிம_உலோகன்:
தம்பி, உங்க டேட்டா சரிதான். நீங்க பார்த்தது டிரான்ஸ் டைஹைட்ரைடு (இரண்டு ஹைட்ரஜனும் பிரிஞ்சு, இரும்பில் எதிரெதிரா இருக்கும் வடிவம்). இரண்டு ஹைட்ரைடும் இரண்டு பாஸ்பரஸோடும் ஒரே மாதிரி சேர்வதால் டிரிப்லெட், தனித்தனி ஹைட்ரைடு என்பதால் நீளமான டி1. ஆனா அதை வெச்சு "புரோட்டான் நேரா இரும்பில் போச்சு"ன்னு சொல்ல முடியாது. அது கடைசியில் வந்து சேர்ந்த இடம், போன வழி இல்லை.

இந்தச் சேர்மத்தில் புரோட்டான் முதலில் ஹைட்ரைடைத்தான் பிடிக்கும். டைஹைட்ரஜன் சேர்மம் குளிரில் மட்டும் நிற்கும். சூடாக விட்டால் டிரான்ஸ் டைஹைட்ரைடா மாறிடும், அதுதான் நிலைத்தன்மை கூடியது. மாறினது திரும்பி வராது. அதனால அறை வெப்பநிலையில் கலந்துட்டு அப்புறம் குளிரவெச்சா ஒண்ணும் கிடைக்காது. கலக்குவதே குளிரில் நடக்கணும், டியூப் புரோபுக்குள் (என்.எம்.ஆர் கருவியில் டியூப் உட்காரும் பகுதி) போகும் வரைக்கும் சூடு ஏறவே கூடாது.

என்எம்ஆர்_அக்கா:
மேலே சொன்னதோட சேர்த்து, கையால் செய்யும்போது கவனிக்க வேண்டியதைச் சொல்றேன், நானும் இதில் பட்டவள்தான். அந்த ஆல்கஹால் ஏறத்தாழ மைனஸ் 3-லேயே உறைஞ்சிடும். ட்ரை ஐஸ்-அசிட்டோனில் இருக்கும் டியூப்பில் அதை நேரா விட்டீங்கன்னா கண்ணாடிச் சுவரில் வெள்ளைக் கட்டியா ஒட்டிக்கும். அப்புறம் கரையட்டும்னு டியூப்பை வெளியே எடுத்து ஆட்டுவீங்க. அந்த நேரத்தில் சூடு ஏறி டைஹைட்ரைடா மாற ஆரம்பிச்சிடும்.

அதே கரைப்பானில் ஆல்கஹாலை முன்கூட்டியே நீர்த்து, அதையும் குளிரவெச்சு, நீளமான ஊசி சிரிஞ்சால் டியூப்பின் உள்சுவர் வழியா சொட்டுச் சொட்டா இறக்குங்க. புரோபை முதலிலேயே மைனஸ் 80-க்கு இறக்கி வெச்சிருங்க. ஆல்கஹாலை மூலக்கூறு சல்லடையில் காயவைக்காம எடுக்காதீங்க, தண்ணியும் புரோட்டான் விளையாட்டில் சேர்ந்துக்கும்.

இன்னொண்ணு: ஹைட்ரைடை டைகுளோரோமீத்தேனில் கரைச்சு ரொம்ப நேரம் சூட்டில் வெச்சிருக்காதீங்க, குளோரைடா மாறப் பார்க்கும். கரைச்ச உடனே குளிருக்குக் கொண்டு போங்க.

முதலாண்டு_ஆய்வாளர்:
ரொம்ப நன்றி அக்கா. அந்த வெள்ளைக் கட்டியை நானே பார்த்தேன், அழுக்குன்னு நினைச்சேன்! ஒரு சந்தேகம். குளிரில் செய்து டி1 குறைவா வந்தா, அது டைஹைட்ரஜன்தான்னு உறுதியா சொல்லலாமா? அப்புறம், புரோட்டான் தாவுறதுக்கு முன்னாடி ஹைட்ரஜன் பிணைப்பு இருக்கும்கிறாங்க. ஹைட்ரைடுக்கும் ஓஎச்-சுக்கும் நடுவில், ஹைட்ரஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் எப்படி ஈர்ப்பு வரும்?

கரிம_உலோகன்:
இரண்டாவதை முதலில் எடுத்துக்கறேன், எனக்குப் பிடிச்ச பகுதி அது. உலோகத்தின் மேல் இருக்கும் ஹைட்ரஜனில் எலக்ட்ரான் அடர்த்தி கூடுதல், ஆல்கஹாலின் ஹைட்ரஜனில் குறைவு. எதிரெதிர் மின்சுமை என்பதால் இரண்டும் இழுத்துக்கும். 1990களில் யேலில் கிராப்ட்ரீ குழுவும் டொரான்டோவில் மாரிஸ் குழுவும் இதை நிலைநாட்டினாங்க. சாதாரணமா இரண்டு ஹைட்ரஜன் 2.4 ஆங்ஸ்ட்ராமுக்குள் நெருங்காது. இதில் 1.7-லிருந்து 2.2 வரைக்கும் வந்துடும். அந்த நெருக்கத்திலிருந்து ஒரு எட்டு வெச்சா எச்-எச் சேர்ந்துடும், ஆல்காக்சைடு (புரோட்டானை இழந்த ஆல்கஹால்) வெளியே நிற்கும்.

இந்த ஹைட்ரஜன் பிணைப்பை ஐ.ஆரில் (அகச்சிவப்பு நிறமாலையில்) நேரா பார்க்கலாம். ட்ரைஃபுளூரோ எத்தனால் மாதிரி வலுக் குறைஞ்ச ஆல்கஹால் எடுங்க, புரோட்டான் தாவாம பிணைப்போடு நிற்கும். ஆல்கஹாலைக் குறைவாவும் ஹைட்ரைடைக் கூடுதலாவும் வைங்க. ஓஎச் பட்டை கீழே இறங்கி அகலமாகும். இறக்கத்தை வெச்சு ஐயோகான்சன் சூத்திரத்தில் பிணைப்பு ஆற்றல் கிடைக்கும்: 18-ஐ இறக்கத்தால் பெருக்கி, இறக்கத்தோடு 720 கூட்டி வகுக்கணும். 300 அலைஎண் இறங்கினா மோலுக்கு ஏறத்தாழ 5.3 கிலோகலோரி. மாஸ்கோவில் எப்ஸ்டீன், ஷுபினா, பெல்கோவா குழு இந்த வழியில் நிறைய ஹைட்ரைடுகளை அளந்திருக்காங்க.

ஆல்கஹாலைக் கூட்டினா புரோட்டான் தாவுவது ஏன் சுலபமாகுதுன்னும் யோசிங்க. ஒரு ஆல்கஹால் புரோட்டானைக் கொடுக்கும், இரண்டாவது ஆல்கஹால் மிஞ்சின ஆல்காக்சைடைப் பிடிச்சுத் தாங்கும். அந்த 5 மடங்கு வீண் இல்லை.

என்எம்ஆர்_அக்கா:
டி1 கேள்விக்கு: ஒரே வெப்பநிலையில் எடுத்த டி1-ஐ நம்பாதீங்க. பல வெப்பநிலையில் எடுத்து அடிமட்ட மதிப்பைப் பிடிக்கணும், அது எந்த மெகாஹெர்ட்ஸ் கருவி என்பதையும் சேர்த்து எழுதணும். காந்தப்புலம் மாறினா அதுவும் மாறும்.

உங்க சேர்மத்தில் ஒரு பொறி இருக்கு. லேசா காற்று பட்டாலும் ஒரு எலக்ட்ரான் போய் இரும்பு(III) ஹைட்ரைடு ஆயிடும். அது பாராகாந்தம் (ஜோடி சேராத எலக்ட்ரான் உள்ளது). கொஞ்சம் கலந்திருந்தாலும் எல்லாப் பீக்கும் அகலமாகும், டி1 பொய்யா குறையும். மற்ற பீக்குகளின் டி1-ஐயும் பாருங்க, எல்லாமே குறைஞ்சிருந்தா ஹைட்ரஜனைக் குறை சொல்லாதீங்க.

உறுதியான சாட்சி எச்-டி ஜே மதிப்பு (ஹைட்ரஜனும் டியூட்டீரியமும் ஒண்ணை ஒண்ணு பிளக்கும் அளவு, ஹெர்ட்ஸில்). ஓடி உள்ள ஆல்கஹாலால் (ஓஎச்-இல் ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம்) அதே சோதனையைச் செய்ங்க. 20 ஹெர்ட்ஸுக்கு மேல் பிளவு வந்தா டைஹைட்ரஜன்தான். 1.42-லிருந்து 0.0167 தடவை ஜே-வைக் கழிச்சா எச்-எச் தூரம் ஆங்ஸ்ட்ராமில் வரும். ஜே 30 என்றால் 0.92. மிச்சமிருக்கும் எச்-எச் பீக் மேலே படிஞ்சு பிளவை மறைக்கும். அது எச்-டியை விட வேகமா தளர்வதால், இன்வெர்ஷன் ரெகவரியில் (டி1 அளக்க, சிக்னலைத் தலைகீழாக்கி அது மீள்வதைப் பார்க்கும் முறை) அது சுழியாகும் நேரத்தைப் பிடிச்சு எடுங்க, எச்-டி மட்டும் தனியா தெரியும்.

முதலாண்டு_ஆய்வாளர்:
அக்கா, சார், நேத்து ராத்திரி குளிரிலேயே கலந்து எடுத்தேன். மைனஸ் 80-ல் பிளவே இல்லாத அகலமான ஒரு பீக், பழைய டிரிப்லெட் இல்லவே இல்லை. அதன் டி1 10 மில்லிவினாடி, மெத்தில் பீக்கின் டி1 குறையலை. மெதுவா சூடாக்கினேன், அகலப் பீக் குறையக் குறைய அந்த டிரிப்லெட் முளைச்சு வந்தது. திரும்பக் குளிரவெச்சேன், அகலப் பீக் வரவே இல்லை. ஸ்பெக்ட்ரம் ஒவ்வொண்ணா வர்றப்போ கை நடுங்கிடுச்சு.

ஓடி ஆல்கஹாலுக்குச் சொல்லி வெச்சிருக்கேன். வந்ததும் ஜே மதிப்பை இங்கேயே போடறேன்.