பாஸ் ரிஃப்ளெக்ஸ் பெட்டிக்குத் தமிழ்ச்சொல்: 'குடப்பெட்டி' என்னும் முன்மொழிவு

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். குறைந்த செலவில் வீட்டிலேயே ஸ்பீக்கர் பெட்டி செய்வோருக்காக நாம் தொகுத்துவரும் சொற்பட்டியலில், 'பாஸ் ரிஃப்ளெக்ஸ்' (ஸ்பீக்கரின் பின்புற ஒலியையும் குழாய் வழியே வெளியே விட்டு, 'பாஸ்' எனப்படும் தாழ்ந்த ஒலியை வலுப்படுத்தும் பெட்டி) என்பதற்கு இதுவரை எதிரொலிப்பெட்டி, துளைப்பெட்டி, குழற்பெட்டி என மூன்று சொற்கள் வந்துள்ளன. இம்மூன்றிலும் எனக்கு உடன்பாடு இல்லை. குழுவில் எழுந்த கேள்விகளை மேற்கோளாகத் தந்து, அவற்றின் கீழே காரணங்களைச் சொல்லிவிட்டு, நான்காவதாக ஒரு சொல்லை முன்வைக்கிறேன்.

> 'ரிஃப்ளெக்ஸ்' என்பதற்கு நேராக 'எதிரொலி' என்றே வைத்துவிடலாமே?

மலையடிவாரத்தில் கூவிய குரல் சற்றுப் பொறுத்துத் திரும்பக் கேட்பதைத்தான் நாம் எதிரொலி என்கிறோம். இந்தப் பெட்டிக்குள் அப்படி எதுவும் நிகழ்வதில்லை. ஸ்பீக்கர் கூம்பு முன்னால் தள்ளும்போது பின்புறக் காற்று விரிவதால், பின்புற அலை முன்புற அலைக்கு நேரெதிராக எழுகிறது. இரண்டும் கலந்தால் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மூடிய பெட்டி பின்னலையை உள்ளேயே சிறைவைக்கிறது. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த துராஸ் 1930இல் விண்ணப்பித்து 1932இல் காப்புரிமை பெற்ற அமைப்போ, அந்தப் பின்னலையை வீணாக்காமல், முன்னலையோடு ஒத்துப்போகும்படி மாற்றி ஒரு குழாய் வழியே வெளியே அனுப்புகிறது. இதற்கு எதிரொலி என்று பெயரிட்டால், அறையில் ஒலி முழங்குவதைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று படிப்பவர் எண்ணுவார்.

> ஆசாரியிடம் 'ஓட்டை போடுங்கள்' என்றுதானே சொல்கிறோம்? 'துளைப்பெட்டி' எளிதாக இருக்கிறது.

எளிதுதான், ஆனால் அந்த எளிமை என்னைத் தவறான வழியில் கொண்டுபோனது. நான் முதலில் செய்த பெட்டி 20 லிட்டர் கொள்ளளவு உடையது. அதன் இசைவு அதிர்வெண்ணை, அதாவது பெட்டியும் குழாயும் சேர்ந்து இயல்பாக ஒலிக்கும் அதிர்வெண்ணை, 45 ஹெர்ட்ஸாக அமைக்க வேண்டுமென்றால், உள்விட்டம் 7 செ.மீ. உள்ள பி.வி.சி. குழாயைச் சுமார் 23 செ.மீ. நீளத்துக்குப் பொருத்த வேண்டும் என்று கணக்கு சொன்னது. அது காற்றுப் போவதற்கான துளைதானே, நீளத்தில் என்ன இருக்கிறது என்று கருதி, பின்பலகையில் இடிக்கிறதென்று 12 செ.மீ. அளவுக்கு வெட்டிவிட்டேன். இசைவு அதிர்வெண் ஏறத்தாழ 58 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிட்டது. தவில் ஒலியெல்லாம் ஒரே சுருதியில் 'பொம்' என்று வீங்கி ஒலித்தது. அடங்கிப்போன ஆழத்தை மீட்க, குழாயை மறுபடி வாங்கி, முழு நீளத்துக்கு வளைவு வைத்துப் பொருத்த வேண்டியதாயிற்று.

உண்மையில் அது துளை அன்று. கைப்பேசியில் ஒலியெழுப்பும் செயலி ஒன்றை நிறுவி, அதிர்வெண்ணை மெல்ல இறக்கிக்கொண்டே கூம்பைக் கவனித்தால், இசைவு அதிர்வெண்ணில் கூம்பு ஏறக்குறைய அசையாமல் நின்றுவிடுவதையும், குழாய் வாயருகே பிடித்த ஊதுபத்தியின் புகை மட்டும் படபடப்பதையும் காணலாம். அந்த நேரத்தில் பாடுவது குழாய்க்குள் இருக்கும் காற்றுதான். பாடுகிற ஒன்றைத் துளை என்று அழைப்பது பொருந்தவில்லை.

மூன்றாவதான 'குழற்பெட்டி' அழகான சொல். எனினும் அதை வேறொன்றுக்காகக் காப்பாற்றி வைக்க வேண்டும். குழலில் சுருதியைத் தீர்மானிப்பது முதன்மையாக நீளம். பெட்டிக்குள் நீண்ட பாதையை மடித்து மடித்து அமைக்கும் 'டிரான்ஸ்மிஷன் லைன்' வகை அந்த விதிக்குக் கட்டுப்படுவது. 45 ஹெர்ட்ஸில் கால் அலைநீளமே சுமார் 1.9 மீட்டர் வரும். 23 செ.மீ. குழாய் அதே அதிர்வெண்ணைத் தருகிறதென்றால், அங்கே வேலை செய்வது வேறு விதி என்பது தெளிவு. குழாய்க்குள் இருக்கும் காற்று எடையாகவும், பெட்டிக்குள் இருக்கும் காற்று சுருள்வில்லாகவும் இயங்கி, இரண்டும் சேர்ந்து ஊசலாடுகின்றன. இந்த இயக்கத்தை 19ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்த ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ், அதற்காகப் பயன்படுத்தியவை வாய் குறுகிய உள்ளீடற்ற கோளங்கள்.

வாய் குறுகிய கோளத்துக்கு நம்மிடம் சொல் இருக்கிறதே! குடத்தில் நீர் நிரம்ப நிரம்ப ஒலி மேலேறுவதை, தெருக்குழாயடியில் நின்ற அனைவரும் அறிவர். உள்ளே காற்றின் கொள்ளளவு குறைந்தால் சுருதி ஏறும் என்பதே அதன் பொருள். என் 20 லிட்டர் பெட்டியை 10 லிட்டராகச் சுருக்கினால், அதே குழாய் 64 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். கடம் வாசிப்பவர் அதன் வாயை வயிற்றில் அழுத்தியும் விலக்கியும் தாழ்ந்த ஒலியை மாற்றுவதும் இதே விதிப்படிதான். (மானாமதுரைக் குயவர்கள் இதற்குச் சூத்திரம் எழுதவில்லை, சுருதி சேர்ந்த கடம் மட்டும் செய்து கொடுத்தார்கள்.)

ஆகவே என் முன்மொழிவு 'குடப்பெட்டி'. இதை ஏற்றால் துணைச்சொற்கள் தாமே அமைகின்றன. குழாயைக் 'கழுத்து' எனலாம். ஆங்கிலத்தில் இக்குழாயைப் 'போர்ட்' என்பதால் கணினியின் போர்ட்டோடு வரும் குழப்பமும் இதில் வராது. இசைவு அதிர்வெண்ணைக் 'குடச்சுருதி' எனலாம். அடைத்த வகைக்கு 'மூடுபெட்டி' போதும். வினைத்தொகை ஆதலால் அங்கே ஒற்று மிகாது. கழுத்தில் பஞ்சை இறுக அடைத்தால் குடப்பெட்டி ஏறத்தாழ மூடுபெட்டியாகிவிடும் என்று எழுதும்போது, படிப்பவருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. குடச்சுருதிக்குக் கீழே கூம்புக்குப் பிடிமானம் இல்லாமற்போவதால், அது மிகையாகத் துள்ளிச் சேதமடையலாம் என்ற எச்சரிக்கையையும் இதே சொல்லால் சுருக்கமாகச் சொல்லலாம்.

> 'பாஸ்' என்ற பகுதி விடுபடுகிறதே?

விடுபடட்டும். பழந்தமிழிசையில் தாழ்ந்த தானத்துக்கு (ஸ்தாயிக்கு) 'மெலிவு' என்ற பெயர் உண்டு. ஆனால் 'மெலிவுப் பெட்டி' என்று எழுதினால், பிளைவுட் இளைத்துவிட்டதோ என்று கடைக்காரர் கேட்பார்.

ஒரு குறையை நானே ஒப்புக்கொள்கிறேன். குழாய்க்குப் பதிலாக, காந்தமும் கம்பிச்சுருளும் இல்லாத வெறுங்கூம்பு ஒன்றை எடை ஏற்றிப் பொருத்தும் வகையும் இதே விதிப்படி இயங்குகிறது. ஆனால் அதற்குக் கழுத்து இல்லை. கழுத்தில்லாத குடத்தை எப்படி அழைப்பது? 'ஊமைக்கூம்பு' என்று எழுதிப் பார்த்தேன்; பாடுகிற ஒன்றை ஊமை என்பது, நான் மேலே மறுத்த 'துளை'யைவிடப் பெரிய பிழையாகிறது. இதற்கு மட்டும் குழுவினர் சொல் தந்தால், பட்டியலின் இந்தப் பக்கத்தை முடித்துவிடலாம்.

அன்புடன்,
பெட்டி செய்யும் உறுப்பினர்