லட்சுமியின் மடிநோய்: எங்கள் குடும்பக் குழுவில்

கொடுங்கையூர் அத்தை: அண்ணா, நம் பசு லட்சுமியின் பின்னிடது காம்பு நேற்று மாலையிலிருந்து வீங்கிச் சூடாக இருக்கிறது, கறந்தால் பால் திரிதிரியாக வருகிறது. தீனி எடுக்கிறாள், காய்ச்சல் இல்லை. சென்ற முறை மிஞ்சிய மடி டியூப் (காம்புத் துளை வழியே ஏற்றும் ஆன்டிபயாடிக் மருந்து) ஒன்று இருக்கிறது. அதை ஏற்றிவிட்டால், இயற்கைப் பால் என்று நம்பி வாங்குகிறவர்களுக்கு என்ன பதில் சொல்வேன்?

பெரியப்பா: அதை ஏற்றாதே அம்மா. எந்தக் கிருமி என்று தெரியாமல் அரைகுறையாக மருந்து விட்டால், வலுவற்றவை செத்து, மருந்தைத் தாங்குபவை மட்டும் மடியில் பெருகும். மடிநோய் தரும் கிருமிகளில் ஒன்றான ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் திசுவுக்குள் ஒளிந்துகொள்ளும். அதன் பல வகைகள் பென்சிலினையே சிதைக்கும் நொதியைச் சுரக்கின்றன. ஈ.கோலை என்ற வேறொரு கிருமியாக இருந்தாலோ, லேசான நோயைப் பெரும்பாலும் மாட்டின் எதிர்ப்புச் சக்தியே வென்றுவிடும். காம்பை ஸ்பிரிட்டால் துடைத்து, முதல் பீச்சல்களை ஒதுக்கி, மருத்துவர் தரும் சுத்தமான குப்பியில் பாலைப் பிடித்து, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று சோதிக்கச் சொல். மாதவரத்தில் கால்நடைப் பல்கலைக்கழகமே பக்கத்தில் இருக்கும்போது ஊகம் எதற்கு?

அத்தை: முடிவு வரும்வரை சும்மா இருப்பதா?

பெரியப்பா: இல்லை. சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, மடியை முழுக்கக் கறந்து கழுவியபின், நீர்க்கக் கரைத்து ஒரு நாளில் பலமுறை பூசு. ஆனால் காய்ச்சல் வந்தாலோ, தீனியை மறுத்தாலோ, பால் தண்ணீராக மாறினாலோ ஒரு மணி நேரம்கூடக் காத்திராதே. மருத்துவர் சொல்லும் ஆன்டிபயாடிக்கை முழுக்கக் கொடு. அமெரிக்காவில் அது ஏறிய மாட்டின் பாலை அப்புறம் இயற்கைப் பால் என்று விற்கவே முடியாது, ஆனாலும் அந்தப் பெயரைக் காக்கச் சிகிச்சையை மறுக்கக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. ஐரோப்பாவில் மருந்து கொடுக்கலாம், ஆனால் பாலை விலக்கிவைக்கும் நாட்களை இரட்டிப்பாக்க வேண்டும். மாட்டை வலியில் விடுவது இயற்கை வேளாண்மை ஆகாது.

அக்கா: பெரியப்பா, காய்ச்சினால் பாலில் உள்ள மருந்து போய்விடாதா? நாங்கள் குழந்தைக்கு அத்தை வீட்டுப் பாலைத்தான் கொடுக்கிறோம்.

பெரியப்பா: காய்ச்சினால் கிருமிதான் சாகும், மருந்தின் எச்சம் பெரும்பாலும் அப்படியே நிற்கும். அந்தப் பாலைக் கன்றுக்கும் ஊட்டக் கூடாது, ஏனென்றால் அதன் குடலில் மருந்துக்கு அடங்காத கிருமிகள் வளரும்.

அத்தை: லட்சுமியின் பாலை இன்றே நிறுத்திவிட்டேன்; வாடிக்கையாளர்களிடம் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

பெரியப்பா: நல்லது. மற்ற மாடுகளைக் கறந்து முடித்தபின் கடைசியாக அவளைக் கற. கறந்ததும் எல்லா மாடுகளுக்கும் தீனி போடு. காம்புத் துளை மூடும்வரை, அரை மணி நேரமாவது, ஈரத்தரையில் படுக்காமல் நிற்கும்.