டாரன்டுலா நஞ்சு ‘அடைப்பான்’ ஆகுமா?

வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலில் ‘கேட்டிங் மாடிஃபையர் டாக்சின்’ (உயிரணுத் துளைக் கதவின் அசைவை மாற்றும் நஞ்சு) என்பதற்கு ‘அயனித்தட அடைப்பான்’ என்று முன்மொழிந்திருந்தீர்கள். நல்ல சொல்தான், ஆனால் வேறு வகை நஞ்சுக்கு உரியது.

நரம்பு, தசை உயிரணுக்களின் சவ்வில் அயனிகள் (மின்னேற்றம் கொண்ட அணுக்கள்) போய்வரக் கதவுள்ள நுண்துளைகள் உண்டு. சோடியம் உள்ளே பாய்ந்தால் துடிப்பு எழும். பொட்டாசியம் வெளியேறினால் அடங்கும். பேத்தை மீனின் டெட்ரோடோடாக்சின் சோடியத் துளையின் வாயில் தக்கை போல் உட்கார்ந்துகொள்கிறது. அதை அடைப்பான் என்று சொல்லுங்கள், மறுக்கமாட்டேன்.

டாரன்டுலா என்னும் பெருஞ்சிலந்தியின் வழி வேறு. சிலி நாட்டு டாரன்டுலா ஒன்றின் நஞ்சிலிருந்து 1995இல் பிரித்தெடுத்து அறிவிக்கப்பட்ட ஹானாடாக்சினைப் பாருங்கள். 35 அமினோ அமிலங்களே கொண்ட சிறு புரதம். பொட்டாசியத் துளைக்குள் அது நுழைவதே இல்லை. மின்னழுத்த மாற்றத்தை உணர்ந்து கதவை அசைக்கும் பகுதி ஓரத்தில் இருக்கிறது, அதைப் பிடித்துக்கொள்கிறது. வழக்கமான மின்னழுத்த மாற்றத்துக்குக் கதவு அசையாது. மாற்றத்தை இன்னும் மிகுதியாக்கினால், நஞ்சு ஒட்டியிருக்கும்போதே திறந்துகொள்ளும்! டெட்ரோடோடாக்சின் அடைத்த துளையிலோ கதவு திறந்தும் பயனில்லை. இந்த ஒரு வேறுபாட்டைக் காட்டாத சொல் நமக்கு எதற்கு?

முதலில் ‘தாழ் நஞ்சு’ என்று குறித்துவைத்தேன். சிறியது, சொன்னதும் விளங்குவது. சீனப் பறவைச் சிலந்தி வந்து அதைக் கெடுத்தது. அதன் நஞ்சிலுள்ள இரட்டை முடிச்சுப் புரதம், மிளகாயின் காரத்தை உணரும் ஏற்பியை (அதுவும் ஓர் அயனித் துளைதான்) பற்றிக்கொண்டு கதவைத் திறந்தபடியே நிறுத்திவிடுகிறது, வலி நீள்கிறது. தாழுக்கு மூடத்தான் தெரியும். திறப்பு, மூடல் இரண்டுக்கும் பொதுவானது கீல். எனவே ‘கீல் நஞ்சு’. அதற்கு உங்கள் மறுப்பு:

> கீல் என்றதும் மருத்துவர்களுக்குக் கீல்வாதம்தான் நினைவுக்கு வரும். ‘வாயிலியக்க மாற்றி நச்சுப்புரதம்’ என்று முழுமையாகவே சொல்லலாமே?

நீளமான சொல்லை ஒரே பத்தியில் நான்கு முறை எழுதிப் பாருங்கள். ஐந்தாம் முறை நீங்களே ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவீர்கள். அது கலைச்சொல் அன்று, விளக்கவுரை.

ஆனால் கீல்வாதம் பற்றிய எச்சரிக்கையை ஏற்கிறேன். இந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் பொய்சிலோதீரியா வகை டாரன்டுலா கடித்தால் கடுமையான தசைப்பிடிப்பு வருவதுண்டு. அந்தப் பக்கத்தில் ‘கீல் நஞ்சு’ என்று எழுதினால், மூட்டைத் தாக்கும் நஞ்சு என்றே படிப்பார்கள். கதவையும் சேர்த்துவிடுவோம்: ‘கதவுக்கீல் நஞ்சு’. நான்கு எழுத்து கூடியதில் எனக்கு வருத்தம்தான்.

பட்டியலில் இதற்கு எடுத்துக்காட்டாக ஹானாடாக்சினையும், ‘துளையடைப்பு நஞ்சு’ என்பதற்கு டெட்ரோடோடாக்சினையும் அடுத்தடுத்து வைத்துவிடுங்கள். ‘அடைப்பான்’ குழாய்ப் பொறியியலில் வால்வுக்கு ஏற்கெனவே வழங்குகிறது. அதை அங்கேயே விட்டுவிடலாம்.