டிங்கி வார்டில் படுத்தபடி குறிப்பெடுப்பது எப்படி?

செந்தூல் வாசகி:
வணக்கம். கோலாலம்பூரில் ஓர் அரசாங்க மருத்துவமனையில் டிங்கி (டெங்கு) காய்ச்சல் என்று திடீரென வார்டில் சேர்த்துவிட்டார்கள். காய்ச்சல் தொடங்கி இன்று 4ஆம் நாள். சிறுகதை எழுதுகிறவள் நான். இரவெல்லாம் வரிகள் ஓடுகின்றன, விடிந்தால் ஒன்றும் மிஞ்சுவதில்லை. வலது கையில் டிரிப். மல்லாந்து எழுதினால் பால்பாயிண்ட் பேனா நாலு வரியில் நின்றுவிடுகிறது. காய்ச்சல் இறங்கிய கையோடு உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதிவிடலாமா?

பிரிக்ஃபீல்ட்ஸ் பேனா:
பேனாமேல் குற்றமில்லை. மை தன் எடையால் இறங்கித்தான் முனையில் உள்ள குண்டை நனைக்கிறது. தலைகீழாகப் பிடித்தால் மை பின்வாங்கும், காற்று புகுந்துவிடும். பென்சிலுக்கு இந்தத் தொல்லை கிடையாது. சீவத் தேவையில்லாத 0.7 மி.மீ. மெக்கானிக்கல் பென்சிலும் அதற்குப் போடும் 2பி லெட்டும் (கரிக்குச்சி) வாங்கிவரச் சொல்லுங்கள். 0.5 லெட் படுக்கையில் பொட்டுப் பொட்டென்று ஒடியும். கெட்டி அட்டை போட்ட உள்ளங்கை அளவு நோட்டு போதும்.

எழுத முடியாத நேரத்தில் கைப்பேசியில் குரலைப் பதிவு செய்யுங்கள். பேசினால் எழுத்தாக்கும் வசதியை இப்போதைக்கு நம்ப வேண்டாம். சோர்ந்த குரலும் நடுவே வரும் மலாய்ச் சொற்களும் அதைக் குழப்பிவிடும். நாளையும் மணியையும் முதலில் சொல்லிவிட்டு, அரை நிமிடத்துக்குள் முடியுங்கள். நீண்ட பதிவுகளைப் பிறகு யாரும் திரும்பக் கேட்பதில்லை.

பினாங்குத் தாதி:
அம்மா, உங்கள் கடைசிக் கேள்விக்குத்தான் முதலில் பதில். எழுதிவிடலாம் என்று நினைக்காதீர்கள். டிங்கியில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். பெரும்பாலும் 3ஆம் நாளிலிருந்து 7ஆம் நாளுக்குள் வரும், 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். இரத்த நாளங்களிலிருந்து நீர் கசிவது அப்போதுதான். உடம்பு லேசானதுபோல் தோன்றும், அதை நம்பி ஏமாறக்கூடாது. வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் இரத்தம், திடீர் அசதி, இதில் எது வந்தாலும் நோட்டை மூடிவிட்டு மிஸ்ஸியை (தாதியை) கூப்பிடுங்கள். பிளேட்லெட் எண்ணை மட்டும் கேட்டுக் குறிக்காதீர்கள். ஹெமட்டோகிரிட் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம்) ஏறுகிறதா என்றும் கேளுங்கள், கசிவைக் காட்டுவது அதுதான்.

எழுதுவதற்காக நன்றாக ஓடும் ஊசியைப் பிடுங்கி மாற்ற மாட்டார்கள். மாற்றும் முறை வரும்போது, இடது முன்கையில் போட முடியுமா என்று கேளுங்கள். முழங்கை மடிப்பில் போட்டால், கையை மடக்கும்போதெல்லாம் டிரிப் தடைபடும், மெஷினும் கத்தும். ஊசி இடம் வீங்கினாலோ சிவந்தாலோ உடனே சொல்லுங்கள்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் குடித்த நீர், போன சிறுநீர், இரண்டையும் மில்லிலிட்டரில் எழுதி வையுங்கள். மருத்துவருக்கு உங்கள் கதையைவிட அதுதான் வேண்டும்.

பிரிக்ஃபீல்ட்ஸ் பேனா:
அக்கா சொன்னதை அப்படியே கேளுங்கள். இப்போது வேண்டியது கச்சாப் பொருள் மட்டும். மருந்தின் பெயரைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். இரவு 3 மணிக்குத் தள்ளுவண்டி எழுப்பும் ஓசையும், 'சுடா மாக்கான்?' (மலாயில் 'சாப்பிட்டாச்சா?') என்று ஒருவர் கேட்கும் தொனியும் பிறகு கிடைக்காது. கேட்ட மொழியிலேயே எழுதுங்கள், அங்கேயே மொழிபெயர்த்தால் தொனி செத்துவிடும். காய்ச்சலில் தோன்றிய வரிக்குப் பக்கத்தில் 39.2 என்று அப்போதைய சூட்டையும் போடுங்கள். திருத்தும்போது எது காய்ச்சலின் மிகை, எது உங்கள் பார்வை என்று பிரிக்க அந்த எண் உதவும். வரிகளை இப்போது திருத்தவே வேண்டாம்.

செந்தூல் வாசகி:
மிக்க நன்றி. பக்கத்துக் கட்டில் பாட்டி தன் வாழ்க்கையையே சொல்லிக்கொண்டிருக்கிறார். அதை எழுதலாமா?

பினாங்குத் தாதி:
அவரைப் படம் எடுக்காதீர்கள், கைப்பேசியை ஓடவிட்டுப் பதிவும் செய்யாதீர்கள். நோயில் படுத்திருப்பவர் எதற்கும் தலையாட்டுவார், அது சம்மதமாகாது. தெளிந்து வீட்டுக்குப் புறப்படும் நாளில் கேளுங்கள், பக்கத்தில் மகனோ மகளோ இருந்தால் இன்னும் நல்லது. பெயரை மட்டும் மாற்றினால் போதாது. நோய், வயது, ஊர், சேர்ந்த நாள் நான்கும் மாறவேண்டும். அந்த நான்கை வைத்தே சொந்தக்காரர்கள் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.